யெல்லோஸ்டோனில் முருகனைக் கூப்பிட்ட கதை

என் அன்புத் தம்பி,

போன சனிக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸில் என்னுடைய கல்யாண எழுத்து முடிந்தது. சாட்சிக் கையெழுத்தை வைத்துவிட்டுப் பேனையை மூடும்போது நீ என் காதருகே குனிந்து, "அம்மா, உண்மையா இது என்னண்டு நடந்தது?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிற உன் சித்தி வந்து என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாள். பிறகு படம் பிடித்தல், சாப்பாடு, உன் மகள் ஆரணியின் நித்திரைக் குழப்படி என்று பொழுது போய்விட்டது. தாயின் கல்யாணத்துக்கு மகன் சாட்சி வைப்பது எங்கள் ஆக்களிடம் தினமும் நடக்கிற விஷயமில்லை. ஆகவே உன் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். தொடக்கம் உனக்குத் தெரியும், தொடக்கி வைத்தவனே நீதான். முடிவுக்குக் கையெழுத்தும் வைத்துவிட்டாய். நடுவில் நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நான் இரத்தம் எடுத்த அந்தச் சின்ன அறை உனக்கு ஞாபகம் இருக்கும். யன்னல் இல்லாத அறை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். நடுவில் கடும் நீலம், சுற்றிப் பச்சை, பிறகு மஞ்சள், விளிம்பில் தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் கதிர் கதிராகப் பரவிய ஒரு வட்டம். சிலர் அதைக் கண் என்றார்கள், சிலர் பூ என்றார்கள். யாரோ கணினியில் வரைந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊசியைக் கண்டால் முதலில் மயங்கி விழுகிறவர்கள் ஆறடி உயர ஆம்பிளைகள்தான். "அந்தப் படத்தைப் பாருங்கோ" என்பேன். அவர்கள் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் என் வேலை முடிந்துவிடும். இருபது வருடத்துக்கு மேல் எத்தனையோ பேரை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டேன், நான் மட்டும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று கூட வேலை செய்தவர்கள் அதைக் கழற்றி எனக்கே தந்தார்கள். என் சாமான்களைத் தூக்க வந்த நீ படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உண்மையான இடம். அமெரிக்காவில இருக்கு. யெல்லோஸ்டோன் எண்டு ஒரு தேசியப் பூங்கா" என்றாய். நான் நம்பவில்லை. வெந்நீர் எங்கேயாவது தோடம்பழ நிறத்தில் இருக்குமா?

அடுத்த மாதம் நீயும் மருமகள் நிரோஷாவும் டிக்கெட்டோடு வந்து நின்றீர்கள். நான் சிதம்பரம் போக வேண்டும் என்றேன். "கோயில் எங்கையும் போகாதம்மா. உங்கட முழங்கால்தான் போகும்" என்றாய். கோபம் வந்தது, ஆனால் நீ சொன்னது சரி. அதற்கு முன் நான் தனியாகப் பிரயாணம் செய்தது ஒரே ஒரு முறை, கொழும்பிலிருந்து இங்கே லண்டனுக்கு வந்தபோது. அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய். அதைத் தனி என்று சொல்லலாமோ தெரியாது.

சோல்ட் லேக் நகரத்தில் ஒரு சுற்றுலாக் குழுவோடு கோச் பஸ் ஏறினேன். எல்லோரும் ஓய்வு பெற்ற இங்கிலிஷ்காரர், கரோல் என்றொரு வழிகாட்டி. என்னையும் சேர்த்து இரண்டே இரண்டு பேர்தான் எங்கள் நிறம். மற்றவர் பெட்டி தொலைந்துபோய் முதல் நாள் பிந்தி வந்ததால், எல்லோரும் தங்களை அறிமுகம் செய்த நேரத்தில் அவர் இல்லை. கரோல் அவரை "மிஸ்டர் குணா" என்று கூப்பிட்டாள். பெட்டியின் பட்டியில் G. GUNASEKARA என்பது வரை எழுத்துத் தெரிந்தது, மிச்சம் கைப்பிடிக்குள் மடிந்திருந்தது. சரி, சிங்கள ஆள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவரோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் ‘எந்த ஊர்’ என்று தொடங்கும் கதை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும், விடுமுறைக்கு வந்த இடத்தில் அது வேண்டாம் என்று நினைத்தேன். அவருக்கும் என்னைப் பற்றி ஒரு முடிவு இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் போலவே இங்கேயும் எல்லோரும் என்னை ரூபி என்றுதான் கூப்பிட்டார்கள். டிரினிடாட் பக்கத்து டாக்டர் அம்மா, கொஞ்சம் தலைக்கனம் என்று நினைத்தாராம். ஆக, ஒருவரை ஒருவர் கண்டால் தலையை ஆட்டுவதும் யன்னல் பக்கம் திரும்புவதுமாக மூன்று நாள் போனது.

அந்த மூன்று நாளும் பார்க்க நிறைய இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கிராண்ட் டீட்டன் மலைகளை நீ படத்தில் பார்த்திருப்பாய். படம் ஒன்றும் சொல்லாது, தம்பி. அடிவாரம், குன்று என்று எதுவும் இல்லாமல், தட்டையான புல்வெளியிலிருந்து மலை நேரே எழும்பி நிற்கிறது, யாரோ கதவைத் திறந்தவுடன் வாசலில் ஆள் நிற்பதுபோல. ஜூன் மாதத்திலும் உச்சியில் பனி. கீழே ஆற்றில் ஒரு மூஸ், குதிரையைவிட உயரமான மான், முழங்கால் தண்ணீரில் நின்று பாசி தின்றுகொண்டிருந்தது. கோச்சில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

யெல்லோஸ்டோனுக்குள் போன முதல் நாள் எங்களை வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த ஒரு வெளியில் இறக்கிவிட்டார்கள். நிலமெல்லாம் வெள்ளை, இடையிடையே புகை, அழுகிய முட்டை மணம். பலகை போட்ட நடைபாதையை விட்டு ஒரு அடியும் வைக்கக் கூடாது என்று கரோல் பத்துத் தரம் சொன்னாள். மேல் மண் அப்பளம் மாதிரி மெல்லியது, கீழே கொதிநீர். நான் ஒரு சின்னக் குழியில் சேறு கஞ்சி போலப் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு பின்தங்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், முன்னே நடைபாதையின் மேல் ஒரு பைசன் ஏறி நிற்கிறது. காட்டெருமை என்று எழுதினால் நீ எருமையை நினைப்பாய். மோர்டனில் எங்கள் வீட்டு முன்னறைக்குள் அது கொள்ளாது. குளிர்கால மயிர் கழன்று, பழைய கம்பளம் மாதிரி தோளில் தொங்கியது. தலையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தது. பிறகு வால் மெல்ல மேலே எழும்பியது. வால் எழும்பினால் பாயப் போகிறது என்று அர்த்தம், அதையும் கரோல் சொல்லியிருந்தாள். இரண்டு பக்கமும் கொதிநீர். வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"முருகா... முருகா..."

"ஓடாதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாக, தமிழில். "அப்படியே பின்னாடி கால் வைங்க. ஒவ்வொரு அடியா. நான் இங்கதான் இருக்கேன்."

உண்மையைச் சொல்கிறேன், முருகன்தான் பதில் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். ‘முருகன் ஏன் எங்கட தமிழில கதைக்கேல்லை’ என்றும் அந்த நேரத்தில் ஒரு யோசனை ஓடியது. மனுஷ மூளை எப்படி வேலை செய்கிறது பார். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன், அந்தக் குரலும் ஒரு அடி பின்னால் போனது. இன்னொரு அடி, இன்னொன்று. பைசன் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டது. வால் இறங்கியது. எங்களைப் பார்த்தது போதும் என்பதுபோல மறுபக்கம் இறங்கி, தன் வழி தனக்குத் தெரியும் என்று புகைக்குள் நடந்து போய்விட்டது.

திரும்பிப் பார்த்தால் மிஸ்டர் குணா. முகத்தில் இரத்தமே இல்லை. "பயப்படாதீங்க" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே அவர் பலகையில் குந்திவிட்டார். நான் குனிந்து கையைப் பிடித்து நாடி பார்த்தேன்.

"நாடி குதிரை மாதிரி ஓடுது. தலையைக் குனிஞ்சு மூச்சு விடுங்கோ. கதைக்காதேங்கோ."

கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "நீங்க சிலோன் தமிழா?" என்றார்.

"ஓம். நீங்கள்?"

"மலேசியா. கிள்ளான். இப்போ லண்டன்ல, குட்மேய்ஸ் பக்கம்."

"அப்ப குணா எண்டா குணசேகரா இல்லையோ?"

"குணசேகரன்" என்றார். "அந்த ‘ன்’ எங்க போச்சு?"

பெட்டியின் கைப்பிடிக்குள் போச்சு என்று சொன்னேன். இரண்டு பேரும் அந்தப் பலகையில் இருந்து சிரித்த சிரிப்பைக் கேட்டுக் கரோல் ஓடி வந்தாள், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று. ஒரு ‘ன்’னால் மூன்று நாள் வீணாகப் போனது, தம்பி. ஒருவருடைய பெயரை முழுதாகக் கேட்பதற்கு முன் அவரைப் பற்றி ஒரு முடிவுக்கும் வராதே. இதை நான் சின்ன வயதில் உனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும், ஆனால் எனக்கே அறுபத்துமூன்று வயதில்தான் தெரிய வந்தது.

அதற்குப் பிறகு கோச்சில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நான் அவரைக் குணா அண்ணை என்றேன், அது எங்கள் மரியாதை. அவர் காலையில் கண்டவுடன் "பசியாறிட்டீங்களா?" என்பார். மலேசியாவில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல்லாம். வாழ்க்கையில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை, எனக்குப் பிடித்துப் போனது. ஒருநாள் காலையில், "சாயங்காலம் உங்ககூட உக்காந்து கொஞ்சம் பேசணும்" என்றார். எனக்குப் பகீர் என்றது. நாள் முழுக்க யோசித்துவிட்டுப் பின்னேரம் கேட்டேன், "ஏன் என்னைப் பேசப் போறியள்? நான் என்ன பிழை செய்தனான்?" மனுஷன் திகைத்துப் போனார். எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பது என்று நான் விளங்கப்படுத்தினேன். "சரி லா, அப்போ கதைப்போம்" என்றார். அன்றைக்கு அவருடைய மனைவியைப் பற்றிக் கதைத்தார். பிள்ளைகள் இல்லை. அவ போய் ஐந்து வருடம். நான் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னேன், பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே நித்திரையாகிறதை, உனக்குச் சைக்கிள் பழக்கப் போய்த் தானே விழுந்ததை. இருவரும் இல்லாதவர்களைப் பற்றித்தான் நிறையக் கதைத்தோம். அது பாரமாக இருக்கவில்லை. அவர்களையும் கோச்சில் ஏற்றிக்கொண்டதுபோல இருந்தது.

அவர் தண்ணீர் கம்பனியில் என்ஜினியராக இருந்தவர். ஓல்ட் பெய்த்புல் என்ற ஊற்று பீறிடுவதற்காக நாங்கள் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது, பூமிக்குள் தண்ணீர் எப்படிச் சூடாகிறது, மேலே உள்ள தண்ணீரின் பாரம் எப்படி அதைக் கொதிக்கவிடாமல் அமுக்குகிறது, ஒடுங்கிய கழுத்து என்ன செய்கிறது என்று மணலில் கீறிக் காட்டினார். நான் கேட்டுவிட்டு, "பிரஷர் குக்கர் எண்டு ஒரு சொல்லில சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றேன். அவர் வாயை மூட, ஊற்று வாயைத் திறந்தது. வெள்ளைத் தண்ணீர் மரங்களுக்கு மேலே எழும்பி, காற்றில் சாய்ந்து, மழையாக விழுந்தது. நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒன்றாகக் கைதட்டினார்கள், தண்ணீருக்கு! நானும் தட்டினேன்.

ஆனால் என் படத்து ஊற்றைப் பார்க்கப் போன அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நடைபாதையில் நின்று பார்த்தால் வெறும் புகைதான். காற்று என் தொப்பியைப் பறித்துக் கொண்டுபோய் அந்த வெந்நீரில் போட்டது. அங்கே ஏற்கெனவே வேறு ஆட்களின் தொப்பிகள் கிடந்தன. நீல வட்டமும் இல்லை, கதிரும் இல்லை. குன்றின் மேல் ஏறினால்தான் முழுதாகத் தெரியும், ஆனால் கோச்சுக்கு நேரமில்லை என்றாள் கரோல். மறுநாள் பின்னேரம் எங்களுக்கு ஓய்வு. மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போக, குணா வந்து, "ஏறுவோமா?" என்றார். "என்ர முழங்கால் ஏறாது" என்றேன். "முழங்காலுக்கு அவசரம் இல்லையே" என்றார்.

மெல்ல மெல்ல ஏறினோம். எண்பதுகளில் பூங்காவின் பெரும் பகுதியைத் தின்ற தீயில் அந்தப் பக்கமும் எரிந்ததாம். கரிந்த அடிமரங்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே பைன் மரங்கள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரு வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல. அந்த மரத்தின் காய்களில் பல பிசினால் ஒட்டி மூடியிருக்கும், நெருப்பின் வெக்கை பட்டால்தான் திறந்து விதை கொட்டும். தீ போன கையோடு காடு தன்னைத் தானே விதைத்துக்கொண்டது. உச்சிக்கு வந்தோம். திரும்பினேன். என் சுவர்ப் படம் கீழே படுத்திருந்தது, உயிரோடு, ஆவி விட்டுக்கொண்டு. நடுவில் அந்த நீலம், பச்சை, மஞ்சள், தோடம்பழம். நான் பார்க்காமல் விட்ட எல்லா வருடங்களும் அதற்குள் இருந்தன. வாய் பழக்கதோஷத்தில் தானாகச் சொன்னது: "அந்தப் படத்தைப் பாருங்கோ!"

பக்கத்தில் குணா சேர்ட் கையை மடித்து முழங்கைவரை ஏற்றி, கையை நீட்டினார். "சரி, பார்க்கிறேன். ஊசி போடுங்க."

நல்ல நரம்பு, தம்பி. முதல் குத்திலேயே கிடைக்கும். அதைச் சொல்லவும் செய்தேன். உன் கேள்விக்கு ஒரு இடம்தான் காட்டச் சொன்னால், நான் அந்தக் குன்றைக் காட்டுவேன்.

இறங்கும்போது ஒரு பூங்காக் காவலர், ரேஞ்சர், அந்த நிறங்களெல்லாம் உயிர்கள் என்று சொன்னார். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு நுண்ணுயிர். நடுவில் தாங்க முடியாத சூடு, அதனால்தான் வெறும் நீலம். இந்தப் பூங்காவின் ஒரு வெந்நீர் ஊற்றில் எடுத்த நுண்ணுயிர் ஒன்றால்தான் இன்றைக்கு உலகமெங்கும் ஆய்வுகூடங்களில் மரபணுப் பரிசோதனை செய்ய முடிகிறது, கொரோனாக் காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டதும் அந்த வகைதான் என்றார். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். என் ஆஸ்பத்திரியின் கீழ்த்தள ஆய்வுகூடத்தில் இராப்பகலாக நடந்த வேலைக்கும் என் அறைச் சுவருக்கும் சொந்தம் இருந்திருக்கிறது!

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். லமார் பள்ளத்தாக்கு என்றொரு இடம், கண்ணுக்கெட்டிய தூரம் புல். விடியற்காலையில் ஆட்கள் தொலைநோக்கியோடு ஓநாய் பார்க்க நிற்பார்கள். எங்களுக்கு இரண்டு ஓநாய்கள் கிடைத்தன, சாம்பலொன்று கறுப்பொன்று, புள்ளி மாதிரி. முன்னொரு காலத்தில் பூங்காவுக்குள்ளேயே ஓநாயைச் சுட்டுத் தீர்த்தார்களாம், ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு தொண்ணூறுகளில் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பைசனும் ஒரு காலத்தில் இங்கே இருபத்துச் சொச்சமாகக் குறைந்து போனதாம். எங்களுக்கு முன்னால் புல்வெளி முழுக்க அவைதான். செம்பட்டைக் கன்றுகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. வீதியை மந்தை மறித்ததால் கோச் அசையவில்லை. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. எங்கள் லண்டன் சவுத் சர்க்குலர் வீதியில் அப்படிப் பொறுமை உண்டா?

அங்கே பேசிய ரேஞ்சர் ஒரு இளம் பெண், நீளப் பின்னல். தன் பூட்டியின் ஆட்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஷோஷோனி இனம் என்றாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் உலகத்தின் முதல் தேசியப் பூங்கா என்று இதை அறிவித்த பிறகு, இங்கே மலை ஆடு வேட்டையாடி வாழ்ந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். வருகிறவர்களுக்கு ‘அவர்கள் வெந்நீர் ஊற்றுக்குப் பயந்தவர்கள், இங்கே வாழவே இல்லை’ என்று கதை சொன்னார்கள். "எங்கள் ஆட்கள் அதில்தான் குளித்தார்கள்" என்றாள், சிரித்துக்கொண்டே. நான் கையைத் தூக்கிச் சொன்னேன்: என்னுடைய ஊரையும் இராணுவத்தின் பாதுகாப்பு வலயம் என்று சொல்லி வேலி போட்டு வைத்திருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் கழித்துப் போய்ப் பார்த்தபோது என் வீட்டுக் குசினிக்குள், நான் சமைத்த இடத்தில், மரம் நின்றது, கூரையில் மயில். பார்க்கிறவனுக்கு அதுவும் வடிவான காடுதான், ஆனால் அது குசினி. அந்தப் பெண் வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். "நீங்கள் திரும்பிப் போனீர்களா?" என்றாள். "பார்க்கப் போனேன்" என்றேன். "நானும் பார்க்கத்தான் வந்தேன்" என்றாள், "பிறகு இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்." வடிவான ஒரு இடத்தைக் கண்டால் சந்தோஷப்படு. அதோடு, இங்கே முதல் யார் இருந்தவை என்றும் ஒரு கேள்வி கேள். இரண்டும் சேர்ந்து இருக்கலாம், தம்பி. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் குறையவில்லை, கூடியது.

லண்டன் திரும்பிய பிறகு குணா குட்மேய்ஸிலிருந்தும் நான் மோர்டனிலிருந்தும் ரிச்மண்ட் பார்க்குக்கு வருவோம், ஞாயிறு ஞாயிறாக. உனக்கு நான் ‘நடக்கப் போறன்’ என்று சொன்னது பொய்யில்லை. ஒக்டோபரில் கலைமான்கள் ஒன்றையொன்று பார்த்துக் கத்துகிற காலம். ஒரு பெரிய ஆண் மான் கொம்பில் புல்லை மாட்டிக்கொண்டு நின்று தொண்டை கிழியக் கத்தியது. "அது என்ன சொல்லுது, குணா அண்ணை?" என்று கேட்டேன்.

"அண்ணைன்னு கூப்பிடாதீங்கன்னு சொல்லுது" என்றார், என்னைப் பார்க்காமல்.

கொஞ்சத் தூரம் நடந்தோம். பிறகு நான்தான் சொன்னேன், "ஓம். எனக்கும் இனி அப்பிடிக் கூப்பிட ஏலாதெண்டுதான் கிடக்கு." அவ்வளவுதான். எங்கள் இருவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உனக்குச் சொன்ன நாளை நீ மறந்திருக்க மாட்டாய். உன் வீட்டு மேசை, நிரோஷாவின் புட்டும் மீன் குழம்பும். நீ சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த வயசிலையா அம்மா? ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்றாய். ஆக்களைப் பற்றி எனக்குப் பயமில்லை. பிறகு நீ, "அப்ப அப்பா?" என்றாய். அதுதான் உள்ளே போனது. "அப்பா அப்பாதான், ராசா. ஒரு ஆளுக்கும் அவரின்ர இடம் இல்லை" என்றேன். நீ கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். வருஷம் முடியும் வரைக்கும் உன் குரலை நான் கேட்கவில்லை. நிரோஷா ஆரணியைக் கூட்டிக்கொண்டு வந்து, "மாமி, அவருக்குக் கோவமில்லை. அவருக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுப் போவாள். குணாவிடம் நான், "என்ர பிள்ளை வேண்டாமெண்டால் இதை இப்பிடியே விடுவம்" என்றேன். விளையாட்டாக அல்ல. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "விடுறதுன்னா விடுவோம். ஆனா ஞாயித்துக்கிழமை நடை மட்டும் இருக்கட்டும். அதை மட்டும் கேக்கிறேன்." அந்த வாரங்களில் அவர் ஒருநாளும் உன்னைக் குறை சொல்லவில்லை. இது உனக்குத் தெரிய வேண்டும்.

நாளை மறுநாள் நாங்கள் கலிபோர்னியா போகிறோம், செக்கோயா மரங்களைப் பார்க்க. அங்கே சில மரங்கள் யேசு பிறக்க முன்னே முளைத்தவையாம், அடியைச் சுற்றிக் கை கோக்க ஒரு கிரிக்கெட் டீமே வேண்டுமாம். நீயும் நிரோஷாவும் இப்போதே போங்கள், அமெரிக்காவோ ஸ்கொட்லாந்தோ எங்கேயாவது. மோர்ட்கேஜ் முடியட்டும், பிள்ளை வளரட்டும் என்று நானும் அப்பாவும் எல்லாவற்றையும் தள்ளிப் போட்டோம். எங்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது.

இனி ஒன்று மிச்சம். ஜனவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை, நீ ரிச்மண்ட் பார்க்குக்கு வருவாய் என்று எனக்குத் தெரியாது. புல்லெல்லாம் உறைபனி. தூரத்தில் ஒருவன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறான், நடையைப் பார்த்தால் உன் அப்பா மாதிரி. கிட்ட வந்த பிறகுதான் நீ. நீயும் குணாவும் கை கொடுத்தீர்கள். "ஹலோ அங்கிள்" என்றாய். "வாங்க தம்பி. பசியாறிட்டீங்களா?" என்றார் அவர். நீ என்னைப் பார்த்தாய், நான் மொழிபெயர்த்தேன். தோளிலிருந்து இறங்கிய ஆரணி குணாவின் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்தாள், அவருடைய முகத்தைப் பார்த்தாள், உன்னிடம் திரும்பிக் கேட்டாள்: "அப்பா, இவர் ஆர்?"

நாங்கள் எல்லோரும் பயந்திருந்த கேள்வி. நான் நிலத்தைப் பார்த்தேன். குணா மான்களைப் பார்த்தார். உன் அப்பா அவளுக்கு அப்பப்பா, நிரோஷாவின் அப்பா அவளுக்கு அம்மப்பா, எங்கள் வீட்டில் இரண்டு பெயருக்கும் ஆள் உண்டு. நீ அவளருகே குனிந்தாய். பிறகு அவளுடைய தொப்பியைச் சரி செய்துவிட்டுச் சொன்னாய்.

"தாத்தா. தாத்தாட்டைப் போ, மான் காட்டுவார்."

தாத்தா என்று நாங்கள் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் உட்காராத ஒரு கதிரையை நீ தேடி எடுத்துப் போட்டாய், தம்பி. யாரையும் எழுப்பாமல். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. பூமிக்குள் தண்ணீர் என்ன செய்கிறது என்று மணலில் கீறிக் காட்டுகிற மனுஷன், உறைந்த புல்லில் முழங்காலில் நின்று, பைனாகுலரைப் பிள்ளையின் கண்ணுக்குப் பிடித்து, திருகினார், திருகினார், திருகிக்கொண்டே இருந்தார். கண்ணீரில் அவருக்குக் கண் தெரியவில்லை. ஆரணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்து, பைனாகுலரைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்:

"தாத்தா, அது மற்றப் பக்கம்."

இப்படித்தான் நடந்தது, ராசா.

உன் அம்மா